விலை போகாத புளிப்பு அன்னாசி: ரசமும் பச்சடியும் செய்யலாம்

கொல்லிமலை போன்ற அன்னாசி விளையும் பகுதிகளில் அறுவடை மும்முரமாக இருக்கும்போது, சிறுத்த பழத்தையும் புளிப்புப் பழத்தையும் விற்பது சிரமம். மா, வாழைபோல் இதை வைத்துப் பழுக்கவிடவும் முடியாது. பறித்தபின் தோல் மஞ்சளாகுமே தவிர இனிப்பு ஏறாது. அத்தகைய பழங்களை வீசிவிடாமல் வீட்டுச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

ரசத்துக்குப் புளிப்புப் பழமே நல்லது. ஆனால் பருப்போடு சேர்த்துக் குக்கரில் போட்டுவிடாதீர்கள். புளிப்பு சேர்ந்தால் பருப்பு எளிதில் குழையாது. துவரம் பருப்பைத் தனியாக வேகவைத்து, தக்காளி, மிளகு, சீரகம் சேர்த்துக் கொதித்தபின், கடைசி இரண்டு மூன்று நிமிடங்களில் நறுக்கிய அன்னாசியைப் போட்டு இறக்குங்கள். புளியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். 100 கிராம் அன்னாசியில் ஏறத்தாழ 48 மில்லிகிராம் வைட்டமின் சி உள்ளது. பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள இது உதவும். ரத்தசோகை உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இதைக் கவனிக்க வேண்டும். அதிக நேரம் கொதித்தால் இந்தச் சத்து வீணாகும்.

பச்சடிக்கு வேறு முறை. வேகவைக்காத அன்னாசியைத் தயிரில் கலந்தால் சிறிது நேரத்தில் கசக்கும். பழத்திலுள்ள புரோமலைன் என்ற நொதி தயிரின் புரதத்தைச் சிதைப்பதே காரணம். துண்டுகளை நன்றாக வேகவைத்தால் நொதி செயலிழந்துவிடும். என்னைக் கேட்டால் தயிரே வேண்டாம். வெந்த துண்டுகளில் தேங்காய், பச்சை மிளகாய், சீரகம் அரைத்துச் சேர்த்து, கடுகு, கறிவேப்பிலை தாளித்தாலே சுவையாக இருக்கும். நடுத்தண்டையும் பொடியாக நறுக்கிப் போடுங்கள், நார்ச்சத்து கிடைக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெல்லம் சேர்க்காமல், அளவோடு சாப்பிடவும்.