நொடிப்பொழுதும் நெடுநாட்கடனும்

2016-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 27-ஆம் நாள். அமெரிக்க நாட்டின் நியூ ஜெர்சி மாநிலத்திலே பிரீஹோல்டு என்றோர் ஊர். அவ்வூர்ப் புத்தகக் கடையொன்றின் வாயிலில் மக்கள் நீண்ட வரிசையாய் நின்றுகொண்டிருந்தனர். அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் நிற்கும் வரிசையை நாம் அறிவோம். இதுவோ ஒரு பாடகரைக் காண நின்ற வரிசை. நின்றவர்களில் பலர் நரை கண்டவர்கள். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர்கள்.

அவர்கள் காண வந்தவர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்னும் இசைக்கலைஞர். அவருடைய தன்வரலாற்று நூல் அன்றுதான் வெளிவந்தது. ‘பார்ன் டு ரன்’ என்பது நூலின் பெயர். ஓடுவதற்கென்றே பிறந்தோம் என்பது அதன் கருத்து. 1975-இல் அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்த இசைத்தட்டின் பெயரும் அதுவே. தமது முதல் வாசகர்களைத் தாம் வளர்ந்த ஊரிலேயே சந்திக்க அவர் விரும்பினார் போலும். பின்னர் பிலடெல்பியா, நியூ யார்க், லாஸ் ஏஞ்சல்ஸ், சியாட்டில், போர்ட்லாந்து முதலிய நகரங்களிலும் இத்தகைய சந்திப்புகள் நடந்தன.

சந்திப்பு என்றோம், அது எத்தகையது? முன்கூட்டியே சீட்டு வாங்கியவர்களுக்கு மட்டுமே இடம். நூலில் கையொப்பம் முன்னதாகவே இடப்பட்டிருக்கும். முறை வந்ததும் அன்பர் மேலே செல்வார், கலைஞரோடு கைகுலுக்குவார், அல்லது தோளோடு தோள் சேர்ப்பார், ஒரு நிழற்படம் எடுக்கப்படும், ஓரிரு சொற்கள், உடனே அடுத்தவர். எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடும். இச்சில நொடிகளுக்காகவா மணிக்கணக்கில் கால்கடுக்க நின்றார்கள்? இது பித்து அன்றோ? முதலில் எமக்கும் அவ்வாறே தோன்றிற்று. அந்நூலை வாசித்து முடித்தபின் எமது எண்ணம் மாறியது. ஏன் மாறியது என்பதை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

யார் இவர்?

புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1949-இல் பிறந்தவர். தந்தை வழியில் டச்சு, ஐரிஷ் குருதி. தாய் வழியில் இத்தாலியக் குருதி. கத்தோலிக்கக் குடும்பம். அவர் குழந்தைப் பருவத்தைக் கழித்த வீடு, லீமா நகர்ப் புனித ரோஸ் ஆலயத்தின் நிழலிலேயே இருந்தது. ஆலயம், குருவானவர் இல்லம், கன்னியர் மடம், பள்ளி ஆகிய அனைத்தும் கூப்பிடு தொலைவில். பீடச் சிறுவனாகவும் இருந்திருக்கிறார். ஆனால் அப்பள்ளியின் கடுமையான கண்டிப்பு தம் மனத்தில் வடுவாய்த் தங்கிவிட்டது என்று அவர் மறைக்காமல் எழுதுகிறார். குருவாகிய எமக்கு அப்பக்கங்களை வாசிக்க நாணமாயிருந்தது. எனினும் விசுவாசத்தின் மொழி தம்மை விட்டு அகலவேயில்லை என்றும் அவரே ஒப்புக்கொள்கிறார்.

அவருடைய தந்தையார் டக்ளஸ், கம்பள ஆலை, மோட்டார்த் தொழிற்சாலை, பேருந்து, சிறைச்சாலை எனப் பல இடங்களில் உழைத்தவர்; எங்கும் நிலைக்க இயலாதவர். இரவில் சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, மதுவும் சிகரெட்டுமாய்த் தனியே இருளில் அமர்ந்திருப்பார். மகனோடு பேசமாட்டார், பேசினால் சண்டையில் முடியும். அவரைப் பீடித்திருந்தது மனநோய் என்பது பின்னாளில்தான் தெரியவந்தது. தாயார் அடேல், வழக்கறிஞர் அலுவலகத்தில் செயலாளராகப் பணிபுரிந்து குடும்பத்தைத் தாங்கினார். மகனுக்குக் கிட்டார் கிடைத்ததும் அவர் உழைப்பால்தான்.

1984-இல் வெளிவந்த ‘பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.’ என்னும் இசைத்தட்டு இவரை உலகறியச் செய்தது. ஏறத்தாழ 3 கோடிப் படிகள் உலகெங்கும் விற்றன. அதன் தலைப்புப் பாடல் வெற்றி முழக்கம் போல் ஒலித்தாலும், பொருளோ வேறு. வியட்நாம் போரிலிருந்து திரும்பி, வேலையின்றி அலையும் ஓர் ஏழைப் போர்வீரனின் ஓலம் அது. நம் நாட்டுக்கும் இவர் வந்ததுண்டு. அனைத்துலக மனித உரிமைப் பிரகடனத்தின் 40-ஆம் ஆண்டையொட்டி, ஆம்னெஸ்டி அமைப்புக்காகக் கலைஞர் பலர் உலகைச் சுற்றிப் பாடிய பயணத்தில், 1988 செப்டம்பர் 30-ஆம் நாள் புதுதில்லி ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கில் இவரும் பாடினார்.

வரிசையில் ஒருவர்

இனி அவ்வரிசையில் நிற்கும் ஒருவரை நம் மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். 1984-இல் அவருக்கு வயது 18. தொழிற்சாலையில் உழைத்துக் களைத்து வீடு திரும்பும் தந்தை. ஒரே கூரையின் கீழிருந்தும் பேச்சற்றுப்போன உறவு. தம் வீட்டில் நடப்பது உலகில் வேறெங்கும் நடப்பதில்லை என்று அவர் எண்ணியிருப்பார். ஓர் இரவு வானொலியில் ஒரு பாடல் கேட்கிறது. தந்தையின் வீட்டை விட்டுப் பிரியும் மகனைப் பற்றி ஸ்பிரிங்ஸ்டீன் 1980-இல் பாடிய ‘இண்டிபெண்டன்ஸ் டே’ என்னும் பாடலாக அது இருக்கலாம். தம் நெஞ்சில் சொல்லின்றிக் கிடந்ததை யாரோ ஒருவர் சொல்லிவிட்டார் என்று அவ்விளைஞர் உணர்கிறார். துயரம் தீரவில்லை; ஆனால் தனிமை தீர்ந்தது.

32 ஆண்டுகள் கழிகின்றன. இப்போது அவருக்கு வயது 50. அவரும் தந்தையாகிவிட்டார். வரிசை மெல்ல நகர்கிறது. என்ன சொல்வது என்று நூறுமுறை மனத்துக்குள் ஒத்திகை பார்க்கிறார். முறை வந்ததும் ஒத்திகை பார்த்த அனைத்தும் மறந்துபோகிறது. ‘நன்றி’ என்ற ஒரு சொல் மட்டும் வாயிலிருந்து வருகிறது. கலைஞர் புன்னகைக்கிறார். அவ்வளவுதான். வெளியே வந்து வண்டியருகே நின்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டாரென்றால், அதைப் பித்து என்று இகழ எமக்கு மனம் வரவில்லை. ஆண்டுக்கணக்கில் சுமந்த கடனைச் செலுத்த வந்தவர் அவர், செலுத்திவிட்டார்.

கையும் கையொப்பமும்

எழுத்தையே விரும்பியிருந்தால் அந்நூலைத் தபாலில் வரவழைத்திருக்கலாமே என்பார் உண்டு. 2022-ஆம் ஆண்டின் நிகழ்ச்சியொன்று இதற்கு விடை கூறும். மற்றொரு புகழ்பெற்ற பாடகரான பாப் டிலன், தற்காலப் பாடல்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் தம் கையாலேயே ஒப்பமிட்டவை என்று சொல்லி 900 படிகள், படி ஒன்று 599 டாலர் விலையில் விற்கப்பட்டன. வாங்கியவர்கள் தத்தம் படிகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. கையொப்பத்தைப் போட்டது கை அன்று. கையெழுத்தைப் படியெடுக்கும் எந்திரம்! பதிப்பகத்தார் பணத்தைத் திருப்பித் தந்தனர். தலைசுற்றல் நோயினால் நேரில் ஒப்பமிட இயலாமற்போனதாகவும், எந்திரத்தைப் பயன்படுத்தியது தவறே என்றும் கூறி, அக்கலைஞர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

எழுத்தின் வடிவில் குறையொன்றும் இல்லை. இருந்தும் வாங்கியவர் நெஞ்சம் நொந்தது. ஏனெனில், அந்த மனிதர் ஒரு கணமேனும் இந்தத் தாளைத் தொட்டார் என்ற நினைவுக்காகவே அவர்கள் விலை கொடுத்தனர். மனிதனுக்கு மனிதனின் அருகாமை வேண்டும். பிரீஹோல்டு வரிசையில் நின்றவர்கள் நாடியதும் இதனையே.

கலைஞரைத் தெய்வமாக்கும் மயக்கம் இதில் இல்லையா? உண்டு, மறுப்பதற்கில்லை. ஆயின் அம்மயக்கத்தைத் தெளிவிக்கும் மருந்தும் அந்நூலிலேயே இருக்கிறது. அறுபது வயதைக் கடந்தபின் மனச்சோர்வு தம்மைப் பலமுறை வீழ்த்தியதையும், மருத்துவரையும் மருந்தையும் நாடியே எழுந்ததையும் அவர் விரிவாக எழுதுகிறார். தொழிலாளர் வாழ்வையே பாடிப் புகழ்பெற்ற தாம் ஒருநாளும் தொழிற்சாலையில் வேலை செய்ததில்லை என்று, 2017-இல் நியூ யார்க் நாடக அரங்கில் தொடங்கிய தம் நிகழ்ச்சியில் மக்கள் முன்னிலையிலேயே அவர் சொன்னார். தம் பீடத்தைத் தாமே உடைக்கும் இம்மனிதரை வணங்க முடியாது; ஆனால் அன்பு செய்ய முடியும்.

வேறொரு சந்திப்பு

அந்நூலில் எம்மை நெடுநேரம் மேலே வாசிக்க விடாமல் நிறுத்தியது வேறொரு சந்திப்பு. 1990-ஆம் ஆண்டு. ஸ்பிரிங்ஸ்டீனுக்கு முதற்குழந்தை பிறக்கச் சில நாட்களே இருந்தன. அவர் லாஸ் ஏஞ்சல்சில் இருந்தார். பெற்றோர் வட கலிபோர்னியாவில் வாழ்ந்தனர். ஒருநாள் முன்னறிவிப்பு ஏதுமின்றித் தந்தையார் தாமே நெடுந்தொலைவு வண்டியோட்டி வந்து மகன் வீட்டுக் கதவைத் தட்டினார். இருவரும் சிறிய அறையொன்றில் எதிரெதிரே அமர்ந்தனர். பேசிப் பழகாத அம்மனிதர் தட்டுத்தடுமாறிச் சொன்னது இவ்வளவே: நீ எங்களுக்கு நல்ல மகனாக இருந்தாய், நானோ உனக்கு நல்ல தந்தையாக இருக்கவில்லை என்ற கருத்து. அதற்கு மகன், உம்மால் இயன்றதை நீர் செய்தீர் என்னும் பொருள்பட விடையளித்தார். வேறு விளக்கமில்லை, பழங்கணக்கு எதையும் இருவரும் புரட்டவில்லை.

எண்ணிப் பார்த்தால், இதுவும் சில நொடிகளே. நாற்பது ஆண்டு மௌனத்தை இரண்டு வாக்கியங்கள் தீர்த்துவிட்டன. தாம் தந்தையாவதற்கு முன் தமக்குக் கிடைத்த ஒப்பற்ற பரிசு இது என்று மகன் போற்றுகிறார். 1998-இல் தந்தையார் மறைந்தார். அன்று அவர் வண்டியெடுத்துப் புறப்படாமல், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டுக்கொண்டே இருந்திருந்தால்?

எமது கடன்

இவ்விடத்தில் எம்மைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். நாம் குருப்பட்டம் பெற்ற நாளன்று, புதுக்குருவின் கைகளை முத்தி செய்யப் பங்கு மக்கள் நீண்ட வரிசையாய் வந்தனர். அவ்வரிசையின் நடுவே எமது தந்தையாரும் வந்தார். தந்தை என்னும் உரிமையில் முன்னால் வந்திருக்கலாம், வரவில்லை. நிலத்தை அடகு வைத்து எம்மைப் படிக்க அனுப்பியவர். குருமடத்துக்கு எம்மைக் காண வரும்போதெல்லாம் வேப்பமரத்தடியில் அமர்ந்து, மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் மட்டுமே பேசிவிட்டுத் திரும்புவார். அன்று அவர் குனிந்து எம் கைகளை முத்தி செய்தார். நாம் ஆசீர் அளித்தோம். ‘அப்பா’ என்று அழைத்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பின்னால் வரிசை நின்றது. அடுத்தவரை நோக்கித் திரும்பினோம். மறு ஆண்டே அவரை அடக்கம் செய்து பூசை வைத்தோம். அவருடைய கைகளை நாம் முத்தி செய்யவே இல்லை.

ஆகவே, ஒரு பாடகரிடம் ஒரு சொல் சொல்ல மணிக்கணக்கில் நின்ற மனிதர்களை நாம் எப்படி நகைப்போம்? குணமடைந்த தொழுநோயாளர் பதின்மரில் ஒருவன் மட்டுமே திரும்பி வந்தான் என்று லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். மற்ற ஒன்பது பேரும் நன்றிகெட்டவர்கள் என்று பன்முறை பிரசங்கம் செய்திருக்கிறோம். இப்போது தோன்றுகிறது: அவர்களும் நாளைக்குப் போகலாம் என்றே எண்ணியிருப்பார்களோ?

ஸ்பிரிங்ஸ்டீன் தம் நூலின் முடிவில், தாம் சிறுவனாய் விளையாடிய மரத்தைக் காணப் பழைய தெருவுக்குச் செல்கிறார். வீடு எப்போதோ இடிக்கப்பட்டுவிட்டது, மரமும் வெட்டப்பட்டுவிட்டது, வேர்கள் மட்டும் மண்ணில் கிடக்கின்றன. ஆலயத்தின் அருகே நின்று, பங்குப் பள்ளியில் கற்ற ‘பரலோக மந்திரத்தை’ அவர் உள்ளம் தானே சொல்கிறது. தம்மைப் புண்படுத்திய இடத்திலிருந்தே தமக்கு வந்த செபத்தை அவர் நன்றியோடு ஏற்றுக்கொண்டார் என்றே நாம் அதனைப் புரிந்துகொள்கிறோம்.

அன்பார்ந்த குடும்பத்தினரே! உங்களுக்கு எழுத்தறிவித்த ஆசிரியர் ஒருவர் இன்னும் உயிரோடு இருக்கலாம். துன்ப நாளில் கைமாற்றாய்ப் பணம் தந்த அண்டை வீட்டார் இருக்கலாம். திண்ணையில் பேசாமல் அமர்ந்திருக்கும் தந்தை இருக்கலாம். அவர்களைக் காணச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. வரிசையில் நிற்க வேண்டியதில்லை. வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நேரே அவர்களிடம் செல்லுங்கள். என்ன பேசுவது என்று அஞ்ச வேண்டாம். ஒரு சொல் போதும்.