மின்கலமும் நம் பழக்கமும்

கொரோனா நோய்க்காலமாகிய 2021ஆம் ஆண்டில், பதுளை மாவட்டத்துப் பொகிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் அலைத்தொடர்பு கிடைக்கும் மலையுச்சிக்கு ஏறிச்சென்று கைத்தொலைபேசியிற் பாடங் கற்றனர். அத்துணைத் தூரம் ஏறியபின் மின்கலம் தீர்ந்துவிடுமாயின் ஏறியதன் பயன் யாது? தோட்டத்து வீடுகள் பலவற்றில் தந்தைக்கும் பிள்ளைகளுக்கும் பொதுவாக ஒரு தொலைபேசியே உண்டு. அதன் மின்கலம் நலிந்தால் பிள்ளையின் பாடமும் நலிகின்றது.

"முற்றாகத் தீர்ந்த பின்னரே மின்னேற்ற வேண்டும்" என்பது நம்மிடையே நிலைத்துவிட்ட ஒரு கொள்கை. அது பழைய நிக்கல்-கட்மியக் கலங்களுக்கு உரியது. 1991இல் சோனி நிறுவனத்தார் விற்பனைக்குக் கொணர்ந்த இலித்தியம் அயன் கலமே இன்று நம் கையில் இருப்பது. இதனை உருவாக்கிய அறிஞர் மூவருக்கு 2019இல் நோபல் பரிசும் கிடைத்தது. இக்கலத்தை அடிக்கடி வெறுமையாக்குவது தீங்கே. எந்நேரமும் நிரம்பி வழிய வைத்திருப்பதும் அத்தகையதே. நிரம்பிய நிலையில் மின்னழுத்தம் மிகுதலால், உள்ளிருக்கும் வேதிப்பொருள்கள் விரைந்து சிதைகின்றன. ஆதலின் 20க்கும் 80க்கும் இடைப்பட்ட சதவீதத்தில் வைத்திருத்தல் நன்று.

சூடு இதனினும் கொடிய பகைவன். பண்டாரவளையின் குளிர் நமக்கு வாய்த்த பேறு. ஆயினும் லயத்துக் காம்பராவில் அடுப்படிக்கு அருகே மின்னேற்றினால் அப்பேறு வீணாகும். இரவிலே தலையணைக்கடியில் வைத்து மின்னேற்றுவது அதனினும் மோசம். நிரம்பியதும் கருவி மின்னோட்டத்தைத் தானே நிறுத்திக்கொள்ளும் என்பது மெய்யே. எனினும் சூடு வெளியேற வழியில்லை, விடியும்வரை கலமும் நிரம்பியே கிடக்கின்றது. மாணவர் மடிக்கணினியை மெத்தைமேல் வைத்து இயக்குவதும் இவ்வகையினதே. எந்நேரமும் மின்னிணைப்பில் வைப்போர், 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி அதில் உண்டாயின் பயன்படுத்துக. கலம் உப்பியிருக்கக் கண்டால் மின்னேற்றுவதை அக்கணமே நிறுத்தவேண்டும். குத்தியோ அழுத்தியோ பார்த்தல் நெருப்புக்கு இடமாகும்.

இவ்வளவும் சாதாரண நாளுக்கு உரியவை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோது, பதுளை மாவட்டத்தில் மண்சரிவால் பாதைகள் அடைபட்டன. மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போயின. மண்சரிவு எச்சரிக்கை வந்த நாளில் 80 என்னும் கணக்கைப் பாராது நூறு வரை நிரப்பி வைக்கவேண்டும். ஓரிரு நாள் நிரம்பியிருப்பதாற் கலத்துக்குப் பெருங்கேடு வந்துவிடாது. திரையின் ஒளியைக் குறைத்து, படக்காட்சிகளை ஒழித்தால் அம்மின்சாரம் நெடுநேரம் வரும். அலைத்தொடர்பு நலிந்த பள்ளத்தாக்கிலே தொலைபேசி அதனைத் தேடித் தேடியே மின்சாரத்தைச் செலவிடும் என்பதையும் அப்போது கணக்கிற் கொள்ளவேண்டும்.