ஸ்டியரிங் யார் கையில்?
லாரிக்காரர்கள் – 6

திருவண்ணாமலைப் பக்கம் ஹெவி லைசென்ஸுக்கு வரும் பையன்களில் டிராக்டர் ஓட்டிப் பழகியவர்கள் உண்டு. ‘நெல்லு மூட்டையோட வரப்பு ஏத்தி இறக்குனவனுக்கு லாரி எம்மாத்திரம்’ என்ற நினைப்பு அவர்களுக்கு. அந்த நினைப்பு முதல் இடது திருப்பம் வரைக்கும்தான்.

முன்சக்கரம் போன தடத்தில் லாரியின் பின்சக்கரம் வராது, உள்பக்கம் ஒடுங்கி வரும். தெருமுனையில் நிற்கும் டூ வீலர் மாட்டுவது அந்த இடைவெளியில்தான்.

“கண்ணாடியைப் பாரு தம்பி. பின்டயர் எங்க வருது?”

“தெரியல மாஸ்டர்.”

“தெரியற வரைக்கும் ஒடிக்காத. இன்னும் கொஞ்சம் முன்னால போ.”

இதை வகுப்பறையில் படம் போட்டுக் காட்டலாம். ஆனால் எப்போது ஒடிக்க வேண்டும் என்பது, திரும்பத் திரும்ப ஒடித்த கைக்கு மட்டுமே தெரியும். டிரைவிங் ஸ்கூலில் சேருகிறவர் கட்டணத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: எனக்கு எத்தனை மணி நேரம் ஸ்டியரிங் கிடைக்கும்?

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் இதற்குப் பதில் இருக்கிறது. லாரி, பஸ் போன்ற போக்குவரத்து வாகனங்களுக்குப் பயிற்சி 30 நாளுக்குக் குறையக்கூடாது. அதில் உண்மையாகவே வண்டி ஓட்டும் நேரம் 15 மணிக்குக் குறையக்கூடாது. சராசரியாக ஒரு நாளுக்கு அரை மணி. இரண்டு மணி நேரம் வெளியே போகும் வண்டியில் நாலு பேர் இருந்தால் கணக்கு சரியாக வரும். எட்டுப் பேர் ஏறினால் ஆளுக்குக் கால் மணிதான், மாதம் முடியும்போது ஏழரை மணி. மிச்ச நேரமெல்லாம் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை. பௌர்ணமிக்கும் தீபத்துக்கும் ஊரே கிரிவலத்தில் நிற்கும்போது பயிற்சி லாரிக்கு ஏது இடம்? அந்த நாட்களையும் கழித்துக்கொள்ளுங்கள்.

படிவம் 15 என்று ஒரு பதிவேடு உண்டு. எந்தத் தேதியில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்த வண்டியை ஓட்டினார் என்று எழுதி, சொல்லிக்கொடுப்பவரும் கற்பவரும் கையெழுத்துப் போட வேண்டும். கடைசி நாளில் மொத்தமாக நீட்டப்படும் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறவர், ஓட்டாத மணிக்கும் சேர்த்துச் சாட்சி சொல்கிறார்.

அமெரிக்காவில் 2022 பிப்ரவரியில் புது லாரி ஓட்டுநர்களுக்குத் தேசிய அளவில் பயிற்சி விதி வந்தது. அதில் ஸ்டியரிங் பிடிக்கக் குறைந்தபட்ச மணிக்கணக்கே கிடையாது. கற்பவர் தேறிவிட்டார் என்று பயிற்றுநர் முடிவு செய்தால் போதும். நம் விதி அந்த அளவில் மேல்தான், காகிதத்தில்.

முன்பு மணிக்கணக்கு யாருக்கு வேண்டியிருந்தது? கிளீனராக ஏறியவர் டயர் தட்டி, தார்ப்பாய் கட்டி, டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, ஒருநாள் நள்ளிரவில் வெறிச்சோடிய ரோட்டில் ஸ்டியரிங் பிடித்தார். சட்டப்படி தப்பு. அந்த வழியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. ஆனால் அவர் பிடித்தது லோடு வண்டி. ஸ்கூல் லாரியோ பெரும்பாலும் காலி வண்டி.

லோடோடு போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறி இறங்குகிறவருக்குத்தான் வித்தியாசம் தெரியும். இறக்கத்தில் காலை பிரேக்கிலேயே வைத்திருந்தால் டிரம் சூடேறிப் பிடிப்பு குறையும். சின்ன கியரில் இன்ஜினை இழுத்துப் பிடிக்க விட்டு, பிரேக்கை அவ்வப்போது மட்டும் தொட வேண்டும். ஏர் பிரேக் வண்டியில் இன்னொன்றும் உண்டு: ஸ்டார்ட் செய்ததும் கிளம்பக் கூடாது, மீட்டரில் காற்று ஏறும் வரை காத்திருக்க வேண்டும். பிரேக்கை அடித்து அடித்துக் காற்றைக் குறைத்துவிட்டு, ஊசி இறங்குவதை மாணவருக்குக் காட்டும் மாஸ்டர் கிடைத்தால் விடாதீர்கள்.

15 மணி நேரமும் முழுசாகக் கிடைத்தாலும் மலைப்பாதை, இரவு, மழை, லோடு எல்லாம் அதற்குள் அடங்காது. லைசென்ஸ் வாங்கியதும் தனியாக அனுப்பாமல், சில மாதம் பழைய டிரைவரோடு இரண்டாவது ஆளாக அனுப்பும் முதலாளியைத் தேடிப் போவதே நல்லது. சம்பளம் குறைவாக இருந்தாலும்.

அதற்கு முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் இருக்கிறது. கையில் ஸ்கூல் கொடுத்த படிவம் 5, பக்கத்து சீட்டில் பிரேக் இன்ஸ்பெக்டர். அந்தச் சில நிமிடங்களில் அவர் எதைப் பார்க்கிறார் என்பதை அடுத்த வாரம் சொல்கிறேன்.

(தொடரும்)