வேலையும் இருக்கட்டும்... பென்ஷனும் வரட்டுமே!

"டாக்டரய்யா, படுத்தா தூக்கமே வரமாட்டேங்குது. நல்ல மருந்தா ஒண்ணு குடுங்க!"

வந்தவர் எங்கள் பக்கத்து நூற்பு மில் ஒன்றில் மேஸ்திரி. கூடவே மனைவியும் வந்திருந்தார். நாடி பார்த்தேன். ரத்த அழுத்தமும் பார்த்தேன். 160/100! கண் இரண்டும் சிவந்து, வாய் உலர்ந்து, நாக்கில் வெள்ளைப் படிவு.

"அண்ணாச்சி, ஏற்கெனவே பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுறீங்கதானே?"

"சாப்பிடுறேன் சார். ஆனா டபுள் ஷிப்ட் பார்க்கிற அன்னைக்கு மறந்துபோகுது."

மாதத்தில் எட்டு நாள், தன் ஷிப்ட் முடிந்த பிறகு முழு நைட்டுக்கும் நிற்கிறாராம். அதற்குக் கிடைக்கும் ஓவர்டைம் பணம் சுமார் நாலாயிரம். மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கு அதுதான் வட்டி கட்டுகிறது. மறுநாள் பகலில் படுத்தால், தெருச் சத்தத்திலும் வெயிலிலும் தூக்கம் பிடிப்பதில்லை. சரி, வயது? இன்னும் மூன்று மாதத்தில் 58 முடிகிறது!

"58 முடிஞ்சா பி.எஃப். பென்ஷன் வருமே, அண்ணாச்சி?"

"அது இப்ப வேண்டாம்னு வச்சிருக்கேன். மில்லுல இன்னும் ரெண்டு வருஷம் இருங்கன்னு சொல்லிட்டாங்க. பென்ஷனுக்கு எழுதிக் குடுத்தா வேலை போயிரும்ல?"

மனைவி சும்மா இருக்கவில்லை. "அதெல்லாம் இல்ல டாக்டர். இவுகளை யாரும் பென்ஷன்காரன்னு சொல்லிரக் கூடாதாம். அதான் விஷயம்!"

மேஸ்திரி சிரித்து மழுப்பினார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. பாலில் ஒரு சிட்டிகை சாதிக்காய்த் தூள் போட்டுக் குடியுங்கள், உள்ளங்காலில் எண்ணெய் தேய்த்துப் படுங்கள் என்று நானும் சொல்லலாம்தான். ஆனால் அதெல்லாம் ராத்திரி படுக்கிறவர்களுக்கு! விடிய விடிய மெஷின் முன்னால் நிற்கிறவருக்கு எந்தச் சூரணம் தூக்கம் கொடுக்கும்?

அன்று மருந்துச் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். என் மைத்துனர் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் பல வருஷம் இருந்தவர். தொழிலாளர்களின் பி.எஃப். படிவங்களைப் பூர்த்தி செய்தே கை தேய்ந்தவர். அவருக்குப் போன் போட்டேன். அவர் சொன்னதையும், நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். 'வைத்தியருக்கு எதற்கு இந்தக் கணக்கு?' என்று கேட்காதீர்கள். கட்டுரையின் முடிவில் உங்களுக்கே புரியும்.

விதி என்ன சொல்கிறது?

தனியார் கம்பெனி, மில், பள்ளிக்கூடம் என்று பி.எஃப். பிடிக்கும் இடத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு, 1995 நவம்பர் 16 முதல் ஒரு ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. இதற்குத் தொழிலாளியின் பங்கிலிருந்து காசு எடுப்பதில்லை. முதலாளி கட்டும் பங்கில் 8.33 சதவிகிதம் இதற்குப் போகிறது. குறைந்தது பத்து வருஷம் சேவை இருந்தால் மாதாமாதம் பென்ஷன் உண்டு. அதற்கான வயது 58.

முக்கியமான விஷயம் இதுதான்: 58 முடிந்தவர் அதே வேலையில் தொடர்ந்து இருந்தாலும் பென்ஷன் வாங்கலாம். பென்ஷன் கேட்டார் என்பதற்காக வேலை போய்விடாது. வேலை தொடர்வது முதலாளிக்கும் அவருக்கும் உள்ள பேச்சு. பென்ஷன், பி.எஃப். அலுவலகத்துக்கும் அவருக்கும் உள்ள பேச்சு. இரண்டும் வேறு வேறு!

இன்னொரு லாபமும் இருக்கிறது. 58-க்குப் பிறகு முதலாளியின் பங்கிலிருந்து பென்ஷனுக்குப் பிரிந்து போன தொகை அங்கே போகாது. அதுவும் சேர்ந்து அவருடைய பி.எஃப். கணக்கிலேயே ஏறும்.

பலருக்குக் குழப்பம் எங்கே வருகிறது தெரியுமா? தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-ல் 59 ஆகவும், 2021-ல் 60 ஆகவும் உயர்ந்தது. அதைப் பேப்பரில் படித்துவிட்டு, 'நமக்கும் அறுபதுதான்' என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு, இது வேறு.

கூட்டிக் கழித்துப் பார்ப்போமா?

"சார், ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டா பென்ஷன் கூடுமாமே? எங்க டிபார்ட்மென்ட்ல ஒருத்தர் சொன்னாரு" என்றார் மேஸ்திரி.

கூடும். பொய்யில்லை. 58-ல் வாங்காமல் 60 வரை தள்ளிப்போட 2016-லிருந்து வசதி இருக்கிறது. ஒரு வருஷத்துக்கு 4 சதவிகிதம் வீதம், இரண்டு வருஷத்துக்குச் சுமார் 8 சதவிகிதம் அதிகம் கிடைக்கும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தாளில் எழுதிப் பார்த்தோம். அவருக்கு வரக்கூடிய பென்ஷன் மாதம் சுமார் 4,000 ரூபாய். இரண்டு வருஷம் வாங்காமல் விட்டால், விட்ட பணம் 96,000. அறுபதிலிருந்து கூடுதலாகக் கிடைப்பது மாதம் சுமார் 320. மாதம் 320 வீதம் அந்த 96,000-ஐ மீட்க எத்தனை மாதம் ஆகும்? 300 மாதம். அதாவது 25 வருஷம்!

மேஸ்திரி விரல் விட்டு எண்ணினார். "அப்ப எனக்கு எம்பத்தஞ்சு வயசு ஆகிருமே சார்!"

ஆமாம். எண்பத்தைந்துக்குப் பிறகுதான் லாபக் கணக்கே ஆரம்பம். நூறு வயது இருக்கட்டும் என்று நான் வாழ்த்தத் தயார். ஆனால் அந்த வாழ்த்தை நம்பிக் கையில் இருக்கும் காசை விடலாமா? அதுவும் இந்தப் பென்ஷனுக்கு அரசு ஊழியருக்குப் போலப் பஞ்சப்படி கிடையாது. விலைவாசி ஏறினாலும் தொகை அப்படியேதான் இருக்கும். இன்றைய நாலாயிரத்துக்குக் கிடைக்கும் அரிசி, பருப்பு இருபத்தைந்து வருஷம் கழித்துக் கிடைக்குமா என்பதை இல்லத்தரசிகளிடமே கேட்டுப் பாருங்கள்.

தள்ளிப்போடவே கூடாதா என்றால், அப்படியும் சொல்லமாட்டேன். அந்த இரண்டு வருஷமும் பென்ஷன் திட்டத்துக்குச் சந்தாவையும் தொடர்ந்து கட்டினால், சேவைக் காலமும் கூடும். அப்போது உயர்வு இன்னும் அதிகம். ஆனால் அந்தச் சந்தா அளவுக்கு பி.எஃப்.பில் சேரும் பணம் குறையும். கைநிறையச் சம்பளம், கடன் இல்லை, உடம்பு திடம், தாய் தகப்பன் இருவரும் தொண்ணூறு தாண்டியவர்கள் என்றால் தாராளமாக யோசிக்கலாம். வருமான வரி கட்டுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பென்ஷனும் வருமானம்தான், சம்பளத்தோடு சேர்த்துக் கணக்குக் காட்ட வேண்டும்.

அவசரமும் ஆகாது!

இதற்கு நேர்மாறான ஒருவரும் என்னிடம் வந்தார். அச்சகத்தில் பைண்டிங் பிரிவு. வயது 54. நின்று நின்று முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. "வேலையை விட்டுட்டு இப்பவே பென்ஷன் வாங்கிரலாம்னு இருக்கேன் சார். அம்பதுலயே குடுக்கிறாங்களாம்ல?" என்றார்.

கொடுக்கிறார்கள். ஆனால் இதற்கு பி.எஃப். பிடிக்கும் வேலையை விட்டிருக்க வேண்டும். அதோடு, 58-க்கு எத்தனை வருஷம் முன்னால் வாங்குகிறோமோ, வருஷத்துக்கு 4 சதவிகிதம் வீதம் குறைத்துவிடுவார்கள். நாலு வருஷம் முன்னால் என்றால் 15 சதவிகிதத்துக்கு மேல் போய்விடும். அந்த நாலு வருஷச் சேவையும் கணக்கில் சேராது. 58 வந்ததும் முழுத் தொகைக்கு மாற்றித் தருவார்களா? மாட்டார்கள். குறைந்தது குறைந்ததுதான், ஆயுசு முழுக்க.

நான் அவரிடம் சொன்னது இதுதான்: "முழங்கால் வலி நமக்குள்ள பேசித் தீர்க்கிற விஷயம். அதுக்காக ஆயுசுக்கும் பென்ஷனைக் குறைச்சுக்காதீங்க." தைலம் கொடுத்தேன். எடையைக் குறைக்கச் சொன்னேன். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றக் கேட்கச் சொன்னேன். முதலில் மறுத்த அச்சகத்தில், பிறகு ஒரு ஸ்டூல் போட்டுப் பக்கம் அடுக்கும் வேலை கொடுத்தார்கள். வலி முழுதும் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் இன்றும் வேலையில் இருக்கிறார்.

வாழவே வழியில்லை, கடுமையான நோய், வேறு வருமானம் கிடையாது என்றால் முன்கூட்டி வாங்குவதில் தவறில்லை. அந்த வசதி இருப்பதே அதற்குத்தான். வலி வந்த வேகத்தில் முடிவெடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

உடம்பு சொல்லும் கணக்கு

எங்கள் சித்த மருத்துவத்தில் மனித ஆயுளை நூறாக வைத்து மூன்று பங்காகப் பிரிப்பார்கள். முதல் பங்கு வாத காலம். இரண்டாவது பித்த காலம். மூன்றாவது கப காலம். ஒவ்வொரு பங்கும் முப்பத்து மூன்று வருஷமும் நாலு மாதமும். அந்தக் கணக்கில் 58 வயதுக்காரர் இன்னும் பித்த காலத்தில்தான் இருக்கிறார். உழைக்க முடியாத வயதல்ல! ஆனால் பித்த காலத்தின் கடைசிப் பகுதி. ராக்கண் விழித்தால், வேளை தவறிச் சாப்பிட்டால், உடம்பு முன்போல் பொறுத்துக்கொள்ளாது. நெஞ்செரிச்சல், எரிச்சல் குணம், தூக்கமின்மை, ரத்தக் கொதிப்பு என்று ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்.

ஆகவே இந்த வயதில் கேள்வி 'வேலையா, ஓய்வா?' என்பதல்ல. 'எந்த வேலையை வைத்துக்கொள்வது, எதை விடுவது?' என்பதுதான்.

மேஸ்திரியின் தாளில் கடைசியாக இரண்டு தொகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். முழு நைட் ஓவர்டைம் சுமார் 4,000. வரப்போகும் பென்ஷன் சுமார் 4,000.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவிதான் முதலில் பேசினார். "அப்ப அந்த எட்டு ராத்திரியும் வீட்ல படுக்கலாம்ல?"

அவ்வளவுதான் விஷயம்! பகல் ஷிப்ட் வேலை இருக்கட்டும். எட்டு ராத்திரிக்குப் பதிலாகப் பென்ஷன் வரட்டும். வட்டியும் நிற்காது, தூக்கமும் கெடாது. 'பென்ஷன்காரன்' என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டுமே! அது அவருடைய உழைப்பில் சேர்ந்த பணம்.

விண்ணப்பிக்கும் முன் கவனியுங்கள்

* 58 முடிவதற்கு ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். ஆதாரிலும் பி.எஃப். கணக்கிலும் பெயர், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அலைச்சல்தான்.

* பழைய கம்பெனிகளில் பார்த்த சேவை இந்தக் கணக்கோடு சேர்ந்திருக்கிறதா? சேவை இருபது வருஷத்தைத் தொட்டால், இரண்டு வருஷம் கூடுதலாகச் சேர்த்துக் கணக்கிடுவார்கள். ஆகவே விட்டுப்போன ஒரு வருஷம்கூட முக்கியம்.

* பென்ஷனுக்கான படிவம் 10-டி. உங்களுக்கு எவ்வளவு வரும் என்பதை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். 2014 செப்டம்பருக்கு முந்தைய வருஷங்களைக் குறைந்த சம்பள வரம்பில் கணக்கிடுவதால், பலர் எதிர்பார்ப்பதைவிடத் தொகை குறைவாகவே இருக்கும்.

* மனைவி விவரத்தைச் சரியாக எழுதுங்கள். பென்ஷன் வாங்குபவர் காலமானால் அதில் பாதி மனைவிக்கு வரும். கணவரின் பென்ஷன் எண் எது, எந்த பாங்க் என்பது வீட்டம்மாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

* வருஷத்துக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்க மறக்காதீர்கள். மறந்தால் பென்ஷன் நின்றுவிடும்.

* எல்லாவற்றுக்கும் முன்னால் ஒருமுறை ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பாருங்கள். எத்தனை மணி நேர வேலை உங்கள் உடம்புக்குத் தாங்கும் என்பது தெரியாமல் போடும் எந்தக் கணக்கும் சரியாக வராது.

நாலைந்து மாதம் கழித்து மேஸ்திரி மறுபடி வந்தார். ரத்த அழுத்தம் 140/90. இன்னும் குறைய வேண்டும். பிரஷர் மாத்திரையை விடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். பென்ஷன் வர ஆரம்பித்துவிட்டதாம். பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்து, அதைத் திருத்த இரண்டு நடை நடந்தாராம்.

"தூக்கம் எப்படி இருக்கு, அண்ணாச்சி?"

"அதை ஏன் கேக்கிறீங்க டாக்டர்!" என்று மனைவி முந்திக்கொண்டார். "இப்பல்லாம் இவுக விடுற குறட்டையில எனக்குத்தான் தூக்கம் வரமாட்டேங்குது. எனக்கு ஏதாவது மருந்து குடுங்க!"