குருவானவரின் இடம் எது?

ஆனையிறவைக் கடக்கும்போது, வீதியோரம் நிற்கும் கவச புல்டோசர் 1991 சமரை நினைவூட்டுகிறது. அங்கே இரு தரப்பிலும் இறந்த பிள்ளைகளுக்கு இறுதி மன்றாட்டுச் சொல்ல யார் இருந்தார்கள் என்று யோசிப்பேன்.

படையோடு செல்லும் மதகுருவுக்கு இரண்டு எசமானர்கள். வெற்றிக்காகச் செபிக்கச் சொல்வது படை. காயப்பட்ட எதிரிக்கும் கைகொடு என்பது விசுவாசம். 1949ஆம் ஆண்டின் முதலாம் ஜெனீவா உடன்படிக்கை விசுவாசத்தின் பக்கமே நிற்கிறது. மதகுரு சண்டையிடக் கூடாது. அவரைத் தாக்கவும் கூடாது. பிடிபட்டாலும் அவர் போர்க்கைதி அல்லர்; தம் பணியைத் தொடரலாம். உள்நாட்டுப் போரிலும் மதகுருமாரைக் காக்கச் சொல்லும் 1977ஆம் ஆண்டின் இரண்டாவது மேலதிக நெறிமுறையில் இலங்கை இணையவில்லை.

அருட்தந்தை பிரான்சிஸ் யோசப் படைக்குரு அல்லர், யாழ். புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர். ஆனாலும் 2009 மே 18 அன்று, வட்டுவாகலில் படையினரிடம் சரணடைந்தவர்களைத் தனியே விடாமல் அவர்களோடு சென்றார். இன்றுவரை திரும்பவில்லை.

குருவானவரின் இடம் எது என்பதற்கு அவர் அன்றே பதில் சொல்லிவிட்டார். அவர் எங்கே என்பதற்குத்தான் பொறுப்பேற்றவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.