உள்ளங்கையில் ஒரு கிராமம்

சாலிடேர் ஆடி அலுத்துவிட்டதா? ஜான் மீட்லிங் உருவாக்கி 2018-ல் வெளிவந்த ‘பாம் ஐலண்ட்’ விளையாட்டை ஆடிப் பாருங்கள். மொத்தமே 17 கார்டுகள்தான். மேஜைகூட வேண்டாம், கையில் பிடித்தபடியே தனியாக ஆடலாம்.

கார்டைத் திருப்பினாலோ தலைகீழாக்கினாலோ வேறு நிலைக்கு மாறும். ஒரு கார்டுக்கு நான்கு நிலைகள். நம் கணக்கில் 2 பிட்! மீன், மரம், கல் தரும் கார்டைப் பக்கவாட்டில் சாய்த்தால் அது சேமிப்பு. அதைச் செலவிட்டுக் கிராமத்தை மேம்படுத்த வேண்டும். ஒரே நேரத்தில் 4 கார்டுகளுக்கு மேல் சேமிக்க முடியாது.

சிக்கலே இங்கேதான். சேமித்த கார்டு சுற்றிவந்து மறுபடி மேலே வந்தால் அந்தப் பொருள் போச்சு! கோயில் கட்டலாமென்று கல்லைப் பதுக்கி இரண்டு ஆட்டங்களில் கோட்டைவிட்டேன். மூன்றாவது ஆட்டத்தில் கைக்கு வந்ததை உடனே செலவழித்தேன். 8 சுற்றுகள் முடிந்தபோது கோயில் நின்றது.