மலைச்சரிவில் ஐந்தரை நிமிஷம்!

சைக்கிளில் மலை ஏறுவதுதானே கஷ்டம், இறங்குவதில் என்ன இருக்கிறது என்கிறீர்களா? "சும்மா உட்கார்ந்திருந்தால் அதுவே உருண்டு போயிடுமே!" உருண்டுதான் போகும், சகோதரி. நிறுத்துவதில்தான் இருக்கிறது சங்கதி!

அமெரிக்காவில், சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே ஃபேர்ஃபாக்ஸ் என்று ஒரு சிற்றூர். அதை ஒட்டிய காட்டு மலையில் ஒரு மண்பாதை. ஏறக்குறைய இரண்டு மைலில் 1,300 அடி இறக்கம்! வழியெல்லாம் கல், மழைநீர் அரித்த பள்ளம், எதிரே என்ன வருகிறது என்று தெரியாத வளைவுகள். 1976 அக்டோபரில் இளைஞர்கள் சிலர் இங்கே பந்தயம் விட ஆரம்பித்தார்கள். அவர்களிடம் இருந்தவை 1930, 40-களில் செய்த பழைய சைக்கிள்கள். கனமோ சுமார் இருபது கிலோ. பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிடிக்கிற பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் பின்சக்கர ஹப்பில் உள்ள கிரீஸ் சூட்டில் புகைந்து தீர்ந்துவிடும். பிரித்துப் புது கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த சவாரி. அதனாலேயே அந்தப் பாதைக்கு 'ரீபேக்', அதாவது 'மறுபடி அடை' என்று பேர் வந்தது!

இந்த ஆண்கள் கூட்டத்தில் துணிந்து சேர்ந்தவர் வெண்டி கிராக். கையில் கேமரா. அந்த ஆரம்ப காலப் படங்களில் பெரும்பாலானவை இவர் எடுத்தவைதான். படம் எடுத்ததோடு நின்றாரா? தாமும் பந்தயத்தில் இறங்கினார். 5 நிமிஷம் 27 வினாடி! ரீபேக்கில் பெண்களின் சாதனை அதுதான். ஆண்களில் கேரி ஃபிஷரின் சாதனை 4 நிமிஷம் 22 வினாடி.

எப்படி இறங்குகிறார்கள்?

முதல் விஷயம், சீட்டில் உட்காரக் கூடாது. பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க, அதன்மேல் நிற்க வேண்டும். முழங்காலும் முழங்கையும் லேசாக மடங்கியிருந்தால் கல்லின் அதிர்ச்சியை அவை வாங்கிக்கொள்ளும். விறைத்துக்கொண்டால் தூக்கிப் போட்டுவிடும்! செங்குத்தான இடத்தில் இடுப்பைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். பயத்தில் முன் பிரேக்கைக் கப்பென்று பிடித்தால் தலைகுப்புறத்தான். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிட வேண்டும். கண்ணும் முக்கியம். பள்ளத்தையே பார்த்தால் வண்டியும் அங்கேதான் போகும்; போக வேண்டிய வழியைப் பார்க்கணும்.

தேர்ந்தவர்கள்கூட புதுப் பாதையை முதலில் நடந்து பார்ப்பார்கள். மனசுக்குச் சரிப்படாத இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கமே இல்லை.

முகத்தையும் மூடுகிற ஹெல்மெட், முழங்கால், முழங்கைக் காப்புகள் அவசியம். தனியாகப் போகவே கூடாது. தலையில் அடிபட்டு மயக்கமோ வாந்தியோ தடுமாற்றமோ இருந்தால் "ஒண்ணுமில்லே" என்று மறுபடி ஏறாமல், உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பாறை மலைகளில் 'ரெட் புல் ராம்பேஜ்' என்ற பந்தயம் 2001-ல் தொடங்கியது. பெண்களுக்கென்று பிரிவு வந்தது 2024 அக்டோபரில்தான்! நியூஸிலாந்துப் பெண் ராபின் கூம்ஸ், அந்தரத்தில் வண்டியோடு பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டு முதல் பரிசை வாங்கினார். "பொம்பளைகளால் முடியுமா?" என்று கேட்டவர்களுக்கு வெண்டி பல வருஷம் முன்பே பதில் சொல்லியாச்சு.

உங்கள் பெண் சைக்கிள் கேட்கிறாளா? தாராளமாக வாங்கிக் கொடுங்கள். கூடவே ஒரு ஹெல்மெட்டும்!